கூரைமேல் ஒரு கொடி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்குக் கிழக்கே, ஸ்டோன் மவுண்டன் என்றொரு கல்மலை இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு யானைமலை என்று சொன்னால் போதும், அதன் சாயல் பிடிபட்டுவிடும். சமவெளியில் தனியாகப் படுத்துக் கிடக்கும் ஒற்றைப் பாறை அது. அந்த மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் 2005ஆம் ஆண்டு தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் நான் குடியிருந்தேன். போய்ச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு டாலர் கொடுத்து என் மகனுக்கு ஒரு பொம்மைக் கார் வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் காருக்கு ஆரஞ்சு நிறம். கதவில் 01 என்ற எண். கூரையில் சிவப்புப் பரப்பின் மேல் நீல நிறத்தில் பெரிய பெருக்கல் குறி, அந்தக் குறிக்குள் பதின்மூன்று வெள்ளை நட்சத்திரங்கள்.

சில வாரங்கள் கழித்து, என் வண்டி பழுதாகிக் கிடந்த ஒரு மாலையில், அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்த ஒருவர் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தார். அவர் அலபாமாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். வாசற்படியில் கிடந்த காரை அவர் குனிந்து எடுத்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நான் முந்திக்கொண்டு, "பையனுக்கு வாங்கினேன், ஏதோ பழைய டிவி தொடரில் வரும் கார், பொம்மைதானே" என்றேன். அவர் கட்டைவிரலால் சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்து, "நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைப் படியிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

கேட்கப்படாத கேள்விக்கு நான் ஏன் பதில் சொன்னேன் என்பதை வெகு நாள் கழித்தே யோசித்தேன். இன்றைய உரைக்கும் அந்தப் பதிலில் இருந்த ‘தானே’ என்ற ஒட்டுச்சொல்தான் காரணம். "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று சொல்லும்போது அந்த ஒட்டு எதிராளியைப் பிடித்து நிறுத்துகிறது. "படம்தானே", "சீரியல்தானே", "பொம்மைதானே" என்று சொல்லும்போதோ பேச்சையே எழவிடாமல் செய்துவிடுகிறது. இந்த இரண்டாவது ‘தானே’ அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரு கொடியைச் சுற்றி எப்படி வேலை செய்தது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்தப் பொம்மைக்கு மூலமான கார், ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் வருவது. சிபிஎஸ் நிறுவனம் 1979 முதல் 1985 வரை 147 பகுதிகளாக, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலைகளில், அதை ஒளிபரப்பியது. ஜார்ஜியாவில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு மாவட்டம். அங்கே லஞ்சம் வாங்கிக் கொழுத்த ஓர் ஊர்ப் பெரிய மனிதர். அவர் சொல்படி ஆடும் ஓர் அசட்டுக் காவல் அதிகாரி. அவர்களுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் தப்பும் இரண்டு பங்காளிகள். அவர்கள் ஓட்டும் 1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் காரின் பெயர் ‘ஜெனரல் லீ’. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைத்தலைவர் ராபர்ட் ஈ. லீயின் பெயர் அது. காரின் ஹாரன், அந்தத் தென்மாநிலங்கள் தம் கீதம்போல் பாடிய ‘டிக்ஸி’ பாட்டின் முதல் அடியை ஒலிக்கும். கூரையில் இருந்தது அந்தப் படையின் போர்க்கொடி.

தொடரின் உண்மையான நாயகன் அந்தக் கார்தான். 1978 நவம்பரில், எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரின் கல்லூரி வளாகத்தில் அதன் முதல் தாவலைப் படம்பிடித்தார்கள். எஞ்சினின் எடை மூக்கைக் கீழே இழுத்துவிடாமல் இருக்கப் பின்பெட்டியில் பாரம் ஏற்றி, ஒரு போலீஸ் வண்டிக்கு மேலாக, 16 அடி உயரத்தில் 82 அடி தூரம் அதைப் பறக்கவிட்டார்கள். தரையில் விழுந்த கார் மறுபடி பறக்கும் நிலையில் இல்லை. தாவலுக்கு ஒரு கார் என்று ஆறேழு ஆண்டுகளில் சுமார் முந்நூறு சார்ஜர்கள் நசுங்கிப்போயின.

இந்தத் தொடர் அந்தக் கொடியைப் பற்றியதல்ல. அதில் போர் வராது, பெரும்பாலும் வெறுப்புப் பேச்சும் வராது. சிரிப்பும் புழுதியும் துரத்தலும்தான் வரும். ஆனால் என் கணிப்பில், அந்தக் கொடிக்கு அதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த மேடைப் பேச்சாளரும் செய்ததில்லை. ஒரு சின்னத்தை நடுவில் நிறுத்திப் புகழ்ந்தால் கேட்பவர் தம் மனத்தில் ஒரு தராசை எடுத்துக்கொள்வார். அதையே நல்லவர்கள் ஓட்டும் காரின் கூரையில் ஒட்டிவிட்டால், தராசுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. அலட்சியம் மனிதருக்கு இயல்பாக வருவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது வாரம் தவறாமல், விளம்பர இடைவேளைகளோடு, பழக்கித் தரப்படும் ஒரு குணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொடியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1861இல் பிரிந்துபோன தென்மாநிலங்கள் முதலில் ஏற்றுக்கொண்ட கொடி, அமெரிக்க ஒன்றியக் கொடியைப் போலவே தோற்றம் தந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மனாசஸ் என்ற இடத்தில் நடந்த முதல் பெரிய சண்டையில், புகைக்கும் தூசிக்கும் நடுவே எது எவர் கொடி என்று தெரியாமல் படைகள் குழம்பின. அதனால் வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் என்ற தென் கரோலினா அரசியல்வாதி வரைந்து வைத்திருந்த பெருக்கல் குறி வடிவத்தை வர்ஜீனியாவில் இருந்த படை தன் போர்க்கொடியாக எடுத்துக்கொண்டது. அது எதற்காகப் பறந்தது என்பதில் அன்றைக்கு யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்த அரசின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச்சில் சவன்னா நகரில் பேசியபோது, கறுப்பின மனிதன் வெள்ளையனுக்குச் சமமானவன் அல்லன் என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

அந்த உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் தோற்ற பிறகு அந்தக் கொடி பெரும்பாலும் கல்லறைகளிலும் முதிய போர்வீரர்களின் ஊர்வலங்களிலும்தான் இருந்தது. அது வீதிக்குத் திரும்பி வந்த காலத்தைப் பாருங்கள். 1948இல், கறுப்பின மக்களுக்குக் குடிமை உரிமைகள் தருவதை எதிர்த்து ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. 1956இல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் மூன்றில் இரண்டு பங்கை அந்தப் போர்க்கொடிக்கு ஒதுக்கியது. 1961இல் தென் கரோலினாவின் தலைமைச் செயலகத்தில் அது ஏறியது. ‘எங்கள் பாட்டன் முப்பாட்டன் கொடி’ என்று சொல்லப்படுவதற்கு இந்த இரண்டு மாநிலங்களிலும் கிடைத்த அரசாங்க வாழ்வு, நம் வீட்டுப் பெரியவர்களின் வயதைத் தாண்டாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஜார்ஜியா அந்தக் கொடியை 2001இல் மாற்றியது. மாற்றிய ஆளுநர் ராய் பார்ன்ஸ் அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2003இல் மறுபடியும் மாற்றி இன்றுள்ள கொடிக்கு வந்தார்கள். சிவப்பு, வெள்ளை, மறுபடி சிவப்பு என்று மூன்று பட்டைகள். மூலையில் நீலச் சதுரம். அதில் வட்டமாக நட்சத்திரங்கள். பார்ப்பதற்குச் சாதுவான கொடி. ஆனால் மனாசஸ் சண்டையில் குழப்பம் விளைவித்ததாகச் சொன்னேனே, தென்மாநிலங்களின் அந்த முதல் அரசுக் கொடியைத்தான் இது அப்படியே பின்பற்றுகிறது. என் மகன் படித்த பள்ளியின் முற்றத்தில் தினமும் அது ஏறியது. பதினோரு ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எந்தக் காரின் கூரையிலும் ஏறவில்லை, எந்தத் திரையிலும் பறந்து காட்டவில்லை. ஆகையால் யாருக்கும் அதன் முகம் தெரியாது. நமக்கு வரும் கோபமும், வராத கோபமும், வரலாற்றைவிடத் திரையையே அதிகம் நம்பியிருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

திரை ஒரு பழைய சின்னத்தைப் பரப்புவதோடு நிற்பதில்லை, இல்லாத சின்னத்தை உண்டாக்கியும் தருகிறது. இதற்கு நான் குடியிருந்த இடத்து மலையையே காட்டலாம். 1915இல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ என்ற மௌனப்படம், கறுப்பின மக்களைக் கொன்றும் மிரட்டியும் வந்த வெள்ளை இனவெறிக் கூட்டமான கு கிளக்ஸ் கிளான் கும்பலை வீரர்களாகச் சித்திரித்தது. எரியும் சிலுவையை அவர்களுடைய அடையாளமாகக் காட்டியது. 1860களில் இருந்த அசல் கும்பலுக்கு அப்படியொரு வழக்கமே கிடையாது. ஸ்காட்லாந்துப் பழங்கதையை வைத்து ஒரு நாவலாசிரியர் எழுதியதை, படம் காட்சியாக்கியது. அதே ஆண்டு நவம்பர் மாதம், நன்றி நவிலும் நாளின் இரவில், வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் சில ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டோன் மவுண்டனின் உச்சிக்கு ஏறி, ஒரு சிலுவையைக் கொளுத்தி, அழிந்துபோயிருந்த கும்பலுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள் படம் அட்லாண்டா திரையரங்குக்கு வந்தது. அதன்பிறகு எத்தனையோ கறுப்பினக் குடும்பங்களின் வாசலில் எரிந்தது, ஒரு படத்தின் காட்சியிலிருந்து இறங்கி வந்த நெருப்பு.

இதை யாரும் அப்போது உணரவில்லையா என்றால், உணர்ந்தார்கள், உரக்கவும் சொன்னார்கள். 1909இல் தொடங்கப்பட்ட, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் ஊர் ஊராகப் படத்தை எதிர்த்தது. பாஸ்டன் நகரில் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ டிராட்டர் திரையரங்க வாசலில் போராடிக் கைதானார். இன்றைக்கு "எதை எடுத்தாலும் புண்பட்டுவிடுகிறார்கள், அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது" என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புண்பட்டவர்கள் முதல் காட்சியன்றே பேசிவிட்டார்கள். அவர்கள் குரலைக் கேட்கும் வசதி மற்றவர்களுக்கு வரத்தான் நூறு ஆண்டுகள் ஆயின.

1939 டிசம்பரில் அட்லாண்டாவில், அந்த உள்நாட்டுப் போர்க்காலத்துக் கதையான ‘கான் வித் தி விண்ட்’ படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது நடந்ததையும் பாருங்கள். அந்தப் படத்தில் புகழ்பெற்ற ஒரு காட்சி உண்டு. ரயில் நிலைய வெளியில் காயம்பட்ட வீரர்கள் வரிசை வரிசையாகக் கிடக்க, கேமரா மெல்ல மேலே ஏறி, கிழிந்து ஆடும் போர்க்கொடியில் வந்து நிற்கும். ஆள் போதாமல் நிஜ நடிகர்களுக்கிடையே பொம்மைகளைப் படுக்கவைத்து எடுத்த காட்சி அது. சினிமாவாக மட்டும் பார்த்தால் அசந்துபோகலாம்; நானும் அசந்துபோனவன்தான். அந்தக் கேமரா ஏற ஏற, தோற்ற படையின்மீது நமக்கு இரக்கம் சுரக்கிறது. அது எதற்காகப் போரிட்டது என்ற கேள்வி கீழே, காயம்பட்டவர்களோடு சேர்ந்து, சிறுத்துப்போகிறது.

திரையிடலுக்கு முந்தைய நாள் இரவு நகரத்துச் சீமாட்டிகள் ஒரு விருந்து நடத்தினார்கள். தோட்ட முதலாளியின் மாளிகைபோல் போட்ட அரங்கின் முன்னால், எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கறுப்பினப் பாடகர் குழு அடிமை உடையில் நின்று பாடியது. அந்தக் குழுவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங். படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், இனப் பிரிவினைச் சட்டங்களால், அந்தத் திரையிடலுக்கே வர இயலவில்லை. 1940 பிப்ரவரியில் அவர் ஆஸ்கர் விருது வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. விருது வழங்கிய மண்டபத்தில் அவரைச் சக நடிகர்களோடு அமரவிடவில்லை. தனியாக ஒரு மேசை போட்டிருந்தார்கள்.

இனி 2015க்கு வருகிறேன். ஜூன் 17ஆம் தேதி, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் இமானுவேல் தேவாலயத்தில் வேதப் படிப்புக்குக் கூடியிருந்த கறுப்பின மக்களில் ஒன்பது பேரை, அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் சுட்டுக் கொன்றான். அவன் அந்தப் போர்க்கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் வெளிவந்தன. கொல்லப்பட்ட போதகர் கிளமென்டா பிங்க்னி மாநில மேலவை உறுப்பினரும்கூட. அவருடைய உடல் தலைமைச் செயலகத்துக்கு ஊர்வலமாக வந்தபோது, நாட்டின் கொடியும் மாநிலத்தின் கொடியும் அரைக்கம்பத்தில் இருந்தன. வளாகத்திலிருந்த போர்க்கொடி மட்டும் முழுக்கம்பத்தில் பறந்தது. சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்காமல் அதைத் தொடக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. ஜூன் 27 காலையில் பிரீ நியூசம் என்ற பெண் கம்பத்தில் ஏறி அதை அவிழ்த்து இறக்கினார். அவரைக் கைது செய்து, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஏற்றினார்கள். பிறகு கீழவையில் 94க்கு 20 என்ற கணக்கில் மசோதா நிறைவேறி, பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த ஆளுநர் நிக்கி ஹேலி கையெழுத்திட, ஜூலை 10 அன்று கொடி இறங்கியது.

அந்த வாரங்களில் ஆரஞ்சுக் காரும் மாட்டிக்கொண்டது. தொடரைத் தயாரித்த வார்னர் நிறுவனம் கூரையில் கொடி போட்ட பொம்மைகளுக்கு உரிமம் தருவதை நிறுத்தியது. பெரிய கடைகளெல்லாம் இரண்டே நாள்களில் கொடிச் சரக்கை அகற்றின. டிவி லேண்ட் அலைவரிசை தொடரின் மறுஒளிபரப்பைக் கைவிட்டது. தொடரில் மெக்கானிக்காக நடித்தவரும், ஜார்ஜியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவருமான பென் ஜோன்ஸ், இது எங்கள் மண்ணின் பெருமை என்று வாதாடினார். முதல் தாவலில் நசுங்கிப் பின்னர் சீர்செய்யப்பட்ட அந்தக் காரை 1,10,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்த கோல்ஃப் வீரர் பப்பா வாட்சன், கூரைக் கொடியை அழித்து அமெரிக்கக் கொடியைத் தீட்டப்போவதாக அறிவித்தார். எங்கள் அலுவலகக் காபி அறையில் நான் கேட்டதெல்லாம் இரண்டே வகைப் பேச்சு: "கார் என்ன பாவம் செய்தது?" "எல்லாவற்றையும் தூக்கிப் போடட்டும், யார் பார்க்கிறார்கள் இப்போது?" இரண்டுமே ஒரு மிடறு காபிக்குள் முடிந்துவிடும் பேச்சுகள்.

அந்த ஜூலைத் தொடக்கத்தில் சிஎன்என் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், அமெரிக்கர்களில் 57 விழுக்காட்டினர் அந்தக் கொடியைத் தென்பகுதிப் பெருமையின் சின்னம் என்றார்கள். கறுப்பினத்தவரில் 72 விழுக்காட்டினர் அதை இனவெறியின் சின்னம் என்றார்கள். ஒன்பது சவப்பெட்டிகளுக்குப் பிறகும் இந்த இடைவெளி இருந்தது.

தொடரை நிறுத்தியது சரியா என்று என்னைக் கேட்டால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முப்பது ஆண்டுகள் அந்தக் கொடியை விற்றுக் காசு பார்த்தவர்கள் ஓர் இரவில் அதைக் கண்ணிலிருந்து மறைத்ததும் எனக்கு இன்னொரு ‘தானே’யாகத்தான் தெரிந்தது. "எடுத்துவிட்டோம்தானே, இனி என்ன பேச்சு" என்பதுதான் அதன் பொருள். 2020 ஜூனில், காவலர்களால் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை ஒட்டி நாடே கொந்தளித்தபோது, எச்பிஓ மேக்ஸ் தளம் ‘கான் வித் தி விண்ட்’ படத்தை எடுத்துவிட்டு, இரண்டு வாரங்களில் திரும்பக் கொண்டுவந்தது. திரைப்பட வரலாற்றுப் பேராசிரியர் ஜாக்குலின் ஸ்டூவர்ட் முன்னால் தோன்றி, படம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று சில நிமிடங்கள் பேசுகிறார். பிறகு வெட்டு எதுவும் இல்லாமல் படம் ஓடுகிறது. இது மேலான வழி. அந்த முன்னுரையை எத்தனை பேர் தாண்டி ஓட்டிவிடுகிறார்கள் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி.

சார்ல்ஸ்டன் நிகழ்ச்சிக்குப் பிந்தைய அந்த நாள்களில் ஒரு மதியம், என் வாசற்படியில் காரை எடுத்துப் பார்த்த அதே மூத்தவர், உணவு இடைவேளையில் தாமாகவே பேச்சை எடுத்தார். "உங்கள் மகனிடம் இருந்த அந்தக் கார் நினைவிருக்கிறதா? எங்களிடமும் ஒன்று இருந்தது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1981 அல்லது 82 இருக்கும் என்றார். அவரும் அவர் தம்பியும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தத் தொடரைப் பார்ப்பார்களாம். கார் பறக்கும்போது இருவரும் கட்டிலிலிருந்து குதிப்பார்களாம். கிறிஸ்துமஸுக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார்கள். அவருடைய தாயார் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். வேண்டாம் என்று சொல்லவில்லை, காரணம் விளக்கி உட்காரவைத்துப் பேசவும் இல்லை. கடையில் வாங்கி வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, தம் நகப்பூச்சுக் குப்பியை எடுத்து அந்தக் கூரையில் பூசியிருக்கிறார். ஒரு பூச்சுக்கு நட்சத்திரங்கள் மறையவில்லை. காயவிட்டு, மறுபடி பூசி, மூன்று பூச்சு ஆனதாம்.

"ஆரஞ்சு காருக்கு அரக்குச் சிவப்பில் கூரை" என்று சொல்லி அவர் சிரித்தார். விரலை வைத்துத் தடவினால் பூச்சுக்கு அடியில் ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்படுமாம். அது என்ன என்று இருவருக்கும் தெரியும், இருவரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள், இது அசல் கார் இல்லை என்று கேலி செய்தார்களாம். ஆனாலும் அதை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணன் தம்பி இருவரும் அடித்துக்கொண்டதில் அதன் முன்சக்கரம் ஒன்று கழன்றுபோனது என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.